கதைபேச்சில்லாத வீட்டில் என் இன்சுலின்

நான் இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு விஞ்ஞானம் ஒரு காரணம். மற்றக் காரணம், என்னோடு கதைபேச்சில்லாமல் இருந்த ஒரு பெண்ணின் வீட்டுப் பிறிட்ஜ், குளிர்சாதனப் பெட்டி. விஞ்ஞானத்துக்கு நன்றி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிறிட்ஜுக்கு நான்தான் சொல்லவேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம். கணவருக்குத் துறைமுகக் கந்தோரில் வேலை; ஓர்ஸ் ஹில்லில் குவாட்டர்ஸ் தந்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கலியாணமாகி அதிக காலம் ஆகவில்லை, அதற்குள் உடம்பு நூலாக இளைத்துவிட்டது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, சீனி வருத்தம் என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம். ஊர் முழுக்கச் சீனியை அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி குடிக்க, எனக்கு மட்டும் ஏன் இந்த வருத்தம் என்று அவரிடமே சண்டை பிடித்தேன்.

அவர் பொறுமைசாலி. "பயப்படாதேங்கோ. முந்தின காலமெண்டால் நான் கையை விரிச்சிருப்பன். இப்ப புதுசா ஒரு இன்சுலின் வந்திருக்கு. காலமை ஒருக்காப் போட்டால் நாள் முழுக்க வேலை செய்யும்" என்றார்.

மருந்து கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கலாக இருந்தது. போத்தலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்குள் உருட்டச் சொல்லித் தந்தார். கண்ணாடி ஊசியைச் சட்டியில் அவித்தெடுக்கப் பழகினேன். காலையில் கண்ணாடிக் குழாயில் ஒரு நீலக் கரைசலை ஊற்றி, சில துளி சிறுநீரை விட்டுக் காய்ச்சிப் பார்க்கவும் பழகினேன். நீலமாகவே நின்றால் நல்லது, பச்சை பரவாயில்லை, செங்கல் நிறம் என்றால் ஆபத்து. இந்த இரசாயனக் கூத்தெல்லாம் குசினியில், கேத்திலுக்குப் பக்கத்தில் நடக்கும். "எது தேத்தண்ணி எண்டு சொல்லிப்போட்டுத் தாரும்" என்று கணவர் பகிடி விடுவார்.

எல்லாம் சரி, மருந்தைக் குளிரில் வைக்கவேண்டும் என்று டாக்டர் கடைசியில் ஒரு குண்டைப் போட்டார். எங்கள் வரிசையில் பிறிட்ஜ் இருந்தது ஒரேயொரு வீட்டில், எங்களுக்குப் பக்கத்து வீட்டில். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஓர் அதிகாரி விற்றுவிட்டுப் போனது அது. அந்த வீட்டு அக்காவும் நானும் கோயில் பாடகர் குழுவில் இருந்தோம். உயிர்த்த ஞாயிறன்று தனித்துப் பாடும் பகுதி யாருக்கு என்று எங்களுக்குள் வாய்த்தர்க்கம் வந்தது. நான் அவருடைய குரலைப் பற்றிச் சொல்லக்கூடாததைச் சொன்னேன். அவரும் சும்மா விடவில்லை. அன்றிலிருந்து முகத்துக்கு முகம் பார்ப்பதில்லை.

அங்கே போவதைவிடச் சாகலாம் என்று கணவரிடம் சொன்னேன். மண்சட்டியில் ஈரமணலை நிரப்பி, மருந்தைப் புதைத்து, குசினி மூலையில் வைத்தேன். அனலை அள்ளிவரும் கச்சான் காற்று வீசத் தொடங்கியது. காலையில் ஈரமாக இருக்கும் மணல் மத்தியானத்தில் கடலை வறுக்கலாம் போல இருந்தது. குழாயில் நிறம் மஞ்சளுக்கு வந்தது, பிறகு செம்மஞ்சளுக்கு. சாகலாம் என்று வாயால் சொல்வது வேறு, அது நிறம் மாறி மாறிக் கிட்ட வருவதைப் பார்ப்பது வேறு. புது மருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, இதைக் குளிரிலை வைக்கவேணும். இல்லாட்டி என்ர உயிர் மிஞ்சாது."

அவர் போத்தலை வாங்கிக்கொண்டார். "காலமை வாங்கோ, ரீச்சர்" என்றார். வேறு கதை இல்லை.

அதன்பின் ஒவ்வொரு காலையும் நான் போகும்போது மருந்து யன்னலோரம் ஒரு பீங்கான் தட்டில் தயாராக இருக்கும். அவர் தலையாட்டுவார், நானும் தலையாட்டுவேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஊசியைப் போட்டுவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உள்ளே தவிடுபோல ஏதோ ஒட்டியிருந்தது. புது மருந்து அப்படித்தானாக்கும் என்று நினைத்தேன்.

சில நாளிலேயே குழாயில் செங்கல் நிறம் வந்தது. வகுப்பில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது கரும்பலகை சுற்றியது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கணவர் கொண்டுவந்த போத்தலை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உறைஞ்ச மருந்து. ஐஸாப் போனால் பிறகு இளகினாலும் வேலை செய்யாது. ஆர் இதை வைச்சது?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். ஒரு பாட்டுக்காக என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறார், பத்துக் கட்டளையும் மனப்பாடமாகத் தெரிந்த மனுசி! வீட்டுக்கு விட்ட அன்றே புது மருந்தும் கையுமாக நேரே அங்கே போனேன். "கொஞ்சம் ஆறிப்போட்டுப் போம்" என்று கணவர் பின்னால் வந்தார். நான் கேட்கவில்லை.

"மருந்தை எங்கை வைச்சனீங்கள்?"

அவர் ஒன்றும் விளங்காமல் என்னைக் கூட்டிப்போய் பிறிட்ஜைத் திறந்து காட்டினார். மேலே ஐஸ் கட்டுகிற சின்ன அறை. அதற்குள் ஐஸ் தட்டு இல்லை. மீன் இல்லை. தோய்த்து உலர்த்திய வெள்ளைக் கைலேஞ்சித் துணி ஒன்று மட்டும் விரித்திருந்தது. மருந்தில் வாடை படக்கூடாது என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்திருக்கிறார். அந்த வெயிலில் அவர் வீட்டில் யாரும் ஐஸ் தண்ணீர் குடிக்கவில்லை. நான் வரும்போது இளகியிருக்கவேண்டும் என்று விடியவே எழும்பி மருந்தை யன்னலில் வைத்திருக்கிறார்.

"நல்லாக் குளிர்ற இடம் இதுதானே, ரீச்சர். உங்களுக்கெண்டே ஒதுக்கினனான்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "ஐயோ மாதாவே, என்ர கையாலயோ!" என்று அழத் தொடங்கினார். நானும் அழுதேன். கொண்டுபோன கோபம் போன இடம் தெரியவில்லை. என் வாழ்நாளில் யாரும் எனக்கு இவ்வளவு அக்கறையாகக் கெடுதல் செய்ததில்லை.

இருவரும் அழுது முடிந்ததும் புதுப் போத்தலை நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏலாது, ரீச்சர். வேறை ஆரிட்டையும் குடுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

"வேறை வீட்டிலை பிறிட்ஜ் இருந்தாலும் நான் இஞ்சைதான் கொண்டருவன். கீழ்த்தட்டிலை வையுங்கோ."

அவர் கையை நீட்டினார். தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் போத்தலை வைத்து, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"ஆனால் காலமையில போத்தலை வெளிச்சத்திலை பிடிச்சு, வடிவாப் பாத்துப்போட்டுத்தான் போடவேணும். எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

"பாக்கமாட்டன், அக்கா" என்றேன்.

அவர்கள் மாற்றலாகிப் போகும்வரை, வருசக்கணக்காக, ஒவ்வொரு காலையும் அந்தக் கையிலிருந்துதான் மருந்தை வாங்கினேன். ஒரு நாளும் பார்க்கவில்லை.