வெட்டிய மூன்று கார்டுகள்

"நாலு கிரெடிட் கார்டுல மூணை ஒழிச்சாத்தான் இன்னைக்கு மதியச் சாப்பாடு" என்று காலையில் மனைவி சொல்லிவிட்டாள்.

எனக்கு சிவகாசியில் சின்ன அச்சகம். நேராகப் போய் மூன்று கார்டுகளையும் காலண்டர் தாள் வெட்டும் கட்டிங் மிஷினில் வைத்தேன்.

"அண்ணாச்சி, பிளேடு மழுங்கிரும்" என்றார் மிஷின் ஓட்டும் கணேசன்.

"மழுங்கினா மழுங்கட்டும். வெட்டுங்க."

ஒரே வெட்டு. துண்டுகள் கழிவுத்தாள் மூட்டையில் விழுந்தன. மூட்டை பழைய பேப்பர் வண்டியில் ஏறிப் போனது. முடிந்தது என்று வீட்டுக்குப் போன் போட்டேன். கேரியரில் சாப்பாடு வந்தது.

சாப்பிட்டுவிட்டு, கணக்கை முறைப்படி மூட முதல் வங்கியைக் கூப்பிட்டேன்.

"கார்டுல இருக்கிற பதினாறு நம்பரும் சொல்லுங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.

வெட்டிய கதையைச் சொன்னேன்.

"சரி சார், கார்டு டேமேஜ்னு பதிஞ்சிட்டேன். புது கார்டு கூரியர்ல வரும். அந்த நம்பரைச் சொல்லி மூடிக்கலாம்."

"மூடுறதுக்கு எதுக்கும்மா புது கார்டு?"

"சிஸ்டத்துல அப்படித்தான் சார் இருக்கு."

மற்ற இரண்டு வங்கிகளிலும் இதே பதில்.

ஆக, மூன்று புது கார்டுகள் கிளம்பிவிட்டன. கூரியர் வரும் நேரம் நான் அச்சகத்தில் இருப்பேன். வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கப் போவது அவள்.

"வரட்டும் அண்ணாச்சி, பிளேடைச் சாணை பிடிச்சு வைக்கேன்" என்கிறார் கணேசன்.

கூரியர்க்காரரை வழியிலேயே மடக்கிய அனுபவம் உள்ளவர்கள் கமெண்டில் வரவும். அவசரம்.