போன வருசம் சுடவில்லை

மகள் மிஸ்ஸி படிப்புக்கு, அதாவது நர்ஸ் படிப்புக்கு, சேர்ந்த வருசம் நான் மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்தேன். அது பட்டப் படிப்பு, நாலு வருசம். அவள் முடிக்கிற வரைக்கும் வருசா வருசம் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் தோட்டத்துக் கோவிலில் பொம்பளைகளும் இறங்குவோம். இரண்டு வருசம் இறங்கிவிட்டேன். மூன்றாம் வருசம்தான் இறங்குவதா வேண்டாமா என்று ஆகிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பிறகு ரப்பர்ப் பால்மரம் சீவினேன். மரத்தை அழித்து எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள், அதிலும் வேலை. இப்போது உதிரிப் பழம் பொறுக்குகிறேன். குலை விழுந்த இடத்தில் சிதறிக் கிடக்கிற பழத்தைக் கூட்டிச் சாக்கில் போட வேண்டும். நாள் பூராவும் கால்தான். கால் இல்லையென்றால் வேலை இல்லை. எனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, வேறு இருக்கிறது. பின் வரிசை வீட்டு அக்காவுக்கும் அதுதான். முதலில் கால் விரலை எடுத்தார்கள், அப்புறம் முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். எல்லாம் தெரியும். தெரிந்தும் மாத்திரையைப் போடுகிற நாளும் உண்டு, போடாத நாளும் உண்டு.

மகள் சனிக்கிழமை சனிக்கிழமை கோலா சிலாங்கூர் வரைக்கும் பஸ்ஸில் வருவாள். வீட்டுக்காரர் போய்க் கூட்டி வருவார். அவர் பழ லோரி ஓட்டுகிறவர். சாப்பிட்டு முடித்ததும் மகள் என்னைப் படுக்கச் சொல்வாள். வாரம் பூராவும் படித்ததை என் உடம்பில் செய்து பார்ப்பாள்.

முதலில் கை கழுவப் படித்தாள். கை கழுவக்கூட காலேஜா என்று வீட்டுக்காரர் கேட்டார். கட்டை விரலைத் தனியாக, விரல் இடுக்கைத் தனியாக, நகத்தை உள்ளங்கையில் தேய்த்து என்று அவள் செய்து காட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து போய்த் தன் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

அடுத்து படுக்கை விரிக்கப் படித்தாள். ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்ற வேண்டுமாம். இந்தப் பக்கம் புரளச் சொன்னாள், புரண்டேன். அந்தப் பக்கம் புரளச் சொன்னாள், புரண்டேன். அவ்வளவுதான், எனக்குக் கீழே எல்லாம் புதுசாகிவிட்டது. படுத்திருந்த மேகத்தை உருவிவிட்டு வேறு மேகம் போட்ட மாதிரி இருந்தது.

எலும்பு படித்த மாதங்கள்தான் எனக்குப் பிடித்தவை. மழை நேரத்தில் பாயில் படுத்திருப்பேன். அவள் என் தோளைத் தொட்டு ஒரு பேர் சொல்வாள், முழங்கையைத் தொட்டு ஒரு பேர், கணுக்காலில் ஒரு பேர். எல்லாம் இங்கிலீஷ். ஒன்றும் புரியாது. தோட்டத்தில் ஒவ்வொரு பிளாக்குக்கும் நம்பர் இருக்கிற மாதிரி என் உடம்பிலும் இத்தனை இடமா என்று இருக்கும். அவள் விடியக்காலையில் அந்தத் தோட்டத்துக்குள் தனியாக நடந்து போகிற மாதிரி தெரியும். நான் தூங்கிவிடுவேன். எழுந்தால் மழை விட்டிருக்கும், அவள் விலா எலும்பில் இருப்பாள்.

ஒரு நாள் குழாயை என் காதில் மாட்டி மறுமுனையை என் நெஞ்சில் வைத்தாள். ஜெராம் கடற்கரையில் படகு கிளம்பி வெகு தூரம் போன பிறகு கேட்குமே, அந்தச் சத்தம். இது நானா என்று கேட்டேன். நீதான் என்றாள்.

இரண்டாம் வருசம் மருந்து, பிரசவம், மனசு சரியில்லாதவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் வந்தது. அப்படிப்பட்டவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கவும் பழக வேண்டுமாம். அதுக்கும் மார்க்காம். அப்படியென்றால் உங்கம்மாவுக்கு எப்போதோ பட்டம் கொடுத்திருக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். செத்தவர் உடம்பைக் கழுவி, கண்ணை மூடி, தாடை கட்டுவதும் பாடம்தான். அதைச் சொன்ன அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

மூன்றாம் வருசம் இனிப்பு நீர்க்காரர்களுக்குப் பாதம் பார்க்கிற பாடம் வந்தது. பரீட்சையில் செய்து காட்ட வேண்டும். ஒரு குச்சி கொண்டு வந்தாள். முனையில் தூண்டில் நரம்பு போல ஒரு சின்ன இழை. அதைப் பாதத்தில் அங்கங்கே வைப்பாளாம். நான் கண்ணை மூடிக்கொண்டு, தொடுகிறது தெரிந்தால் ஆமா என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் இல்லை.

பரீட்சை அவளுக்கு என்றுதான் நான் நினைத்தேன். நான் ஆமா சொல்லச் சொல்ல அவளுக்கு மார்க் ஏறும் என்று நினைத்தேன். தோட்டத்தில் அப்படித்தான். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டால் குரல் வர வேண்டும், குரல் வரவில்லை என்றால் அன்றைக்கு நாள் போச்சு. அதனால் விடாமல் சொன்னேன். தெரிந்த இடத்தில் சொன்னேன். தெரியாத இடத்தில் அவள் மூச்சைக் கேட்டேன். இழையை வைக்கும்போது அவள் மூச்சைப் பிடிப்பாள், சின்ன வயசில் ஊசியில் நூல் கோர்க்கும்போதும் அப்படித்தான். மூச்சு நின்றால் ஆமா.

மழை பெய்து ஓய்ந்த மதியம். தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கண் மூடினால் நான் எங்கோ போய்விடுவேன். வெள்ளம் நின்ற பிளாக்கில் நடக்கிறேன். தண்ணீர் சூடும் இல்லை, குளிரும் இல்லை. கால் அடியில் தரை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் நடக்கிறேன். சுகமாகத்தான் இருந்தது. மூச்சு நின்றது. ஆமா என்றேன். மறுபடி நின்றது. ஆமா. மறுபடி. ஆமா.

அப்புறம் ஒன்றும் இல்லை.

"அம்மா, இப்ப ஆமான்னியே, நான் தொடவே இல்லம்மா."

கண்ணைத் திறந்தேன். குச்சி அவள் மடியில் கிடந்தது.

மார்க் குறையுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே நின்றுவிட்டது.

இது பரீட்சை இல்லை, உன் கால், தெரிந்தால் மட்டும் சொல்லு என்று மறுபடி ஆரம்பித்தாள். தெரியாத இடத்தைப் பேனாவால் சுற்றிக்கொண்டே வந்தாள். முன் பாதம் பூராவும், கட்டை விரலோடு சேர்ந்து, கோட்டுக்குள் போய்விட்டது. இரண்டு காலிலும். கண்ணாடியை வைத்துக் காட்டினாள். கோட்டுக்குள்ளே என் கால் இருக்கிறது. நான் இல்லை.

அந்தக் கோட்டுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. செம்பனை மட்டை முள். பூட்ஸைத் துளைத்து உள்ளே போய் முனை ஒடிந்து, சுற்றி வீங்கி இருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ. அதோடுதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவள் என் காலை விடவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"மொத வருசம் தீ மிதிச்சியே, சுட்டுச்சாம்மா?"

"சுட்டுச்சு. கொப்புளம் போட்டுச்சு."

"போன வருசம்?"

"சுடல."

போன வருசம் பஞ்சு மேல் நடந்த மாதிரி நடந்தேன். அவசரப்படவில்லை. மற்றவர்கள் ஓடுகிற இடத்தில் நான் நடந்தேன். கரை ஏறியதும் பொம்பளைகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அம்மா வந்து தாங்கிட்டா லா என்றார்கள். அதுவரைக்கும் என் காலை யாரும் தொட்டுக் கும்பிட்டது இல்லை. அம்மன்தான் தாங்கினாள் என்று நானும் நம்பினேன். அதுக்கப்புறம் பல நாள் வேலையில் குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்த நடை ஞாபகம் வரும். உள்ளுக்குள் ஒரு விளக்கு எரிகிற மாதிரி இருக்கும்.

"அப்ப அது அம்மன் இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் பேனாவை மூடினாள்.

"தெரியலம்மா. அது பாடத்துல இல்ல."

திங்கட்கிழமை மகள் காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் கிளினிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் முள்ளை எடுத்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார். இனி வீட்டுக்குள்ளேயும் செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது என்றார். தீ மிதிப்பைப் பற்றி மகள் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கூடாது என்பது போல் தலையை ஆட்டிவிட்டு மருந்துச் சீட்டு எழுதினார்.

திருவிழாவுக்கு இன்னும் சில வாரம் இருந்தது. வீட்டுக்காரர் நேராகவே சொல்லிவிட்டார், இந்த வருசம் இறங்கக் கூடாது என்று. மகள் அப்படிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் படிக்கிறதில் அப்படி ஒரு பாடம் இருக்கிறதாம். என்ன ஆகும் என்று நோயாளிக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது, முடிவு அவருடையது. சொன்னாள். புண் எப்படி ஆகும், எப்படி ஏறும், எங்கே வெட்டுவார்கள், எல்லாம் சொன்னாள். சொல்லும்போது என் மகள் மாதிரி இல்லை. வேறு யாருக்கோ மிஸ்ஸியாக இருந்தாள். சொல்லி முடித்துவிட்டுக் குளியல் அறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது.

நான் வேலையில் யோசித்தேன். செம்பனைக்குக் கீழே எப்போதும் பச்சை வெளிச்சம்தான், மணி தெரியாது. வேண்டுதல் அவள் படிப்புக்கு. இறங்காவிட்டால் படிப்புக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம். இறங்கி என் கால் போனால் அவள் என்ன செய்வாள். படிப்பை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். அவளைத் தெரியும் எனக்கு. அப்போது நான் வேண்டினது என்ன ஆவது. எப்படிச் சுற்றிப் போனாலும் வழி அங்கேயே வந்து நின்றது.

மகளோடு பூசாரியைப் பார்க்கப் போனேன். அவர் வார நாளில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அம்மா என்ன பள்ளிக்கூடமா வச்சிருக்கா, வரலன்னா பேரை அடிக்க என்றார். வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம், அம்மனிடமே சொல்லிவிட்டு மாற்றினால் போதும் என்றார். தீயில் இறங்குவதற்குப் பதில், நெருப்பு முடிகிற இடத்தில் இருக்கிற பால்குழி ஓரத்தில் இரு, கடந்து வருகிறவர்கள் காலில் பால் ஊற்று என்றார். சொல்லிவிட்டு, தனக்கும் இனிப்பு நீர்தான், தன் காலையும் பார்த்துவிடச் சொல்லி வேன் படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். மகள் இழையை வைத்தாள். பெரிய ஆள், கூசுது கூசுது என்று நெளிந்தார். ஒரு இடம் விடாமல் கூசியது அவருக்கு. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

திருவிழா அன்று அம்மன் முன்னால் நின்று சொன்னேன். கால் சரியில்லை, இப்படிச் செய்கிறேன், ஏற்றுக்கொள் என்றேன். வேறு என்ன பேச எனக்கு.

கோவிலுக்குள் செருப்பு ஆகாது. மகள் தன் உடுப்போடு போடுகிற வெள்ளைக் காலுறையில் இரண்டு ஜோடியை ஒன்றின் மேல் ஒன்றாக எனக்கு மாட்டிவிட்டாள். மஞ்சள் சேலை, வெள்ளைக் காலுறை. பொம்பளைகள் பார்த்தார்கள். என்னக்கா, பந்து ஆடப் போறியா என்றாள் ஒருத்தி. போன வருசம் என் காலைத் தொட்டுக் கும்பிட்டவள்தான். ஆமா லா, நீ கோல் போஸ்ட்டுல நில்லு என்றேன்.

சாயந்திரம் நெருப்பைப் பரப்பினார்கள். காற்று கடல் பக்கமிருந்து வந்தது. பூக்குழிக்கு மேலே காற்றே நெளிந்தது. எதிர்ப்பக்கம் நின்றவர்கள் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி அசைந்தார்கள். மேளம் எங்கோ அடித்தது. நான் பால்குழி ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், செம்பு கையில். மகள் எனக்குப் பின்னால் நின்றாள்.

இதுவரை நான் அந்தப் பக்கம் இருந்துதான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும். இங்கிருந்து முகம் தெரிந்தது.

ஒவ்வொருத்தராக வந்தார்கள். வேப்பிலை, மஞ்சள் துணி. முதலில் கண் எங்கேயோ இருக்கும். நாலாவது எட்டில் உதடு இறுகும். கடைசி எட்டில் முகம் பூராவும் ஒரு பக்கம் இழுக்கும். பால்குழியில் கால் பட்டதும் மூச்சு வெளியே வரும். ஒருத்தர் இல்லை, எல்லாரும். பாலை ஊற்றும்போது கால் விரல் மடங்கி விரிந்தது.

தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் வந்தார். கல்லு மாதிரி ஆள். வேலையில் யார் அடிபட்டாலும் ஒன்றுமில்லை எழுந்திரு என்கிறவர். என் செம்புக்குக் கீழே காலை வைத்தார். கால் நடுங்கியது.

"சுடுதாண்ணே?" என்று கேட்டேன்.

"நெருப்பு லா. சுடாம என்ன பண்ணும்?"

சொல்லிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே போய்விட்டார். எல்லாருக்கும் சுட்டிருக்கிறது. முதல் வருசம் எனக்குச் சுட்டது போலத்தான். சுடும் என்று தெரிந்துதான் இறங்குகிறார்கள்.

மகள் குனிந்து, கால் வலிக்கிறதா என்று கேட்டாள். தெரியவில்லை, பார்த்துச் சொல் என்றேன். அவள் காலுறையைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாள். அடுத்த ஆள் நெருப்பில் கால் வைத்துவிட்டார். நான் செம்பில் பாலை மொண்டேன்.