எத்தனை தடவை அழுத்தினீங்க?

"மௌஸ விட்டு எல்லாரும் கைய எடுங்க" என்றபடிதான், பழுதுபார்க்க வரும் பிரிண்டர் அக்கா எங்கள் அலுவலகத்துக்குள் வருவார். கடைசி ஆள் கையை எடுக்கும்வரை தோள்பையை இறக்க மாட்டார். அவரைவிடப் பத்து வயது மூத்த எங்கள் மேலாளருக்கும் அவர் அக்காதான்.

அடுத்தது விசாரணை. "எத்தன தடவ அழுத்துனீங்க?"

"ஒரு தடவதான்" என்போம், எல்லோரும். அவர் நம்பியதாகச் சரித்திரமே இல்லை. போன மாதம் விற்பனைப் பிரிவு அண்ணன் தலையில் அடித்துச் சத்தியமே செய்தார். கோளாறு சரியானதும் ஒரே பக்கம் பதினேழு முறை வந்து விழுந்தது. அக்கா அத்தனையையும் அடுக்கி, பரிசு வழங்குவதுபோல அவர் கையில் கொடுத்தார்.

நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். காகிதம் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல்தான் உட்காருவார். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகும்போது காதைச் சாய்த்துக்கொள்வார். "டிக்குன்னு கேக்கணும்." யாராவது பிரிண்டரைத் திட்டினால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அது வாயில்லாப் பூச்சிங்க. அதப் போயி!"

நேற்றும் வந்தார். காலையில் மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைக் கடித்துக் குதறியிருந்தார். ஆத்திரத்தில் ராஜினாமாக் கடிதத்தைத் தட்டி, நான்கு முறை அழுத்தினேன். பிரிண்டர் அசையவில்லை. பதினோரு மணிக்கு மேலாளரே வந்து, "கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்மா" என்றார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. வீட்டில் இப்போது வேலைக்குப் போவது நான் ஒருத்திதான். கடிதத்தை ரத்து செய்யத் தெரியாமல் கணினியையே அணைத்துப் பார்த்தேன். திரும்ப உயிர் வந்தபோது நான்கும் அச்சு வரிசையில் அப்படியே நின்றன.

அக்கா என் கணினியில்தான் கைவைத்தார். தன் அறிக்கைக்காக மேலாளர் பக்கத்திலேயே நின்றார்.

"கரண்ட் போயிட்டு வந்ததுல பிரிண்டர் சொல்லாம கொள்ளாம வீடு மாறியிருக்கு. நீங்கல்லாம் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கிட்டிருக்கீங்க." பிரிண்டரின் புது முகவரி எண்ணைக் கணினியில் மாற்றினார். "நீ எத்தன தடவம்மா?"

"ஒரு தடவதான்க்கா."

பிரிண்டர் உறுமியது. முதல் தாளை அக்காவே எடுத்தார். படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அடுத்த மூன்றும் அவர் கைக்கே போயின.

"என்னக்கா அது?" மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"டெஸ்ட் பேஜ் சார்."

"நாலா?"

"இதுக்கு நாலு தடவ சொன்னாத்தான் ஏறும்."

பையிலிருந்து சீட்டு ஒட்டும் பசையை எடுத்தார். எழுத்துள்ள பக்கம் முழுக்கத் தாராளமாகத் தடவி, நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். வெளியே தெரிந்த வெள்ளைப் பக்கத்தில் பிரிண்டரின் புது எண்ணைப் பெரிதாக எழுதினார். பிறகு அந்த அட்டையைச் சுவரில் வைத்து, மூலைக்கு மூலை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.