கணவரின் இரண்டாவது லோரி

நாளை பள்ளியில் கொடுக்கவேண்டிய கேள்வித்தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வீட்டுக் கணினி உறைந்தது. சேமிக்காத இரண்டு பக்கமும் போயின.

மகள் வந்து பார்த்தாள்.

"மா, தனி கிராபிக்ஸ் கார்டு ரொம்ப விலைலா. அதான் கேம் ஓட, மெமரியில பாதிய உள்ளயே இருக்கிற கிராபிக்ஸுக்குக் கொடுத்துட்டேன்."

"அப்ப எனக்கு?"

"டைப் பண்ண மீதி போதும்னு அப்பாதான் சொன்னாரு. கேமே அவருக்குத்தான்மா."

பகலெல்லாம் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு வந்தும் கணினியில் லோரிதான் ஓட்டுகிறாராம்.

மகள் கணினியைத் திரும்பத் திறந்ததும் அவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"என் வேலை என்னாவுறது?"

"இரு, இந்தச் சரக்க இறக்கிட்டு வந்துர்றேன்."

கேள்வித்தாளைக் கைப்பேசியில் முதலிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சரக்கு எப்போது இறங்கும் என்று விளையாட்டுத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.