நாற்பது நொடி

மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டும் அவரை எல்லோரும் 'சைரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருட வேலையில் அவருக்கு ஒரே ஒரு பெருமை. ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார். படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போன வண்டி. நடிக்க வேண்டிய ஆள் வராததால் இயக்குநர் இவரையே ஓட்டச் சொல்லிவிட்டார். நாற்பது நொடி. முகம் பளிச்சென்று தெரியும். "வழி விடுங்கய்யா, உள்ள ஒரு உசிரு இருக்கு!" என்று வசனம் வேறு.

அந்தப் படத்தின் டிவிடி வீட்டில் இருந்தது. 'வாங்குங்கள், என்றென்றும் உங்களுடையது' என்று ஒரு செயலி சொன்னதை நம்பி, படத்தை அதில் வாங்கினார். "இனி இந்தக் குப்பை எதுக்கு?" என்று டிவிடியைப் பழைய சாமான்காரரிடம் போட்டார். வேண்டாமென்று மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

மகள் கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் மகளோடும் மாப்பிள்ளையோடும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், தான் நடித்ததைப் போட்டுக்காட்ட அவர் ரிமோட்டைக் கையில் எடுத்தார். 'இந்தப் படம் தற்போது இல்லை' என்றது டிவி.

மகள் கைபேசியில் தேடினாள். "வேற செயலிக்குப் போயிடுச்சுப்பா. அதுல புதுசா சந்தா கட்டணும்."

கட்டினார். எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். விபத்து நடந்தது, கூட்டம் கூடியது. அடுத்த நொடியே கதாநாயகன் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தான். ஆம்புலன்ஸ் வரவேயில்லை.

"நீளம் குறைச்சிருக்காங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. "முழுப் படம் மூணாவதா ஒண்ணுல இருக்கு. ஆனா அது இந்த டிவில வராது."

அவர் சமையலறைக்குள் போய் முதல் செயலியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"நீங்க வாங்கினது பார்க்கிற அனுமதி மட்டும்தான் சார். எங்களுக்கு உரிமை முடிஞ்சதும் அதுவும் முடிஞ்சிடும். நிபந்தனைலயே இருக்கு," என்றாள் ஒரு பெண்.

"அப்புறம் ஏம்மா 'வாங்குங்க'ன்னு போட்டீங்க?"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

அந்தப் பெண்ணின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அவளும் கூலிக்குப் பேசுகிறவள். ஆனால் திருடன் வந்து எடுத்துப் போயிருந்தால்கூடப் பூட்டு உடைந்திருக்கும். இங்கே விற்றவனே சத்தமில்லாமல் வந்து எடுத்துப் போயிருக்கிறான்.

கூடத்துக்குத் திரும்பினார். சம்பந்தியம்மா பரிவோடு, "விடுங்கண்ணே, நீங்க நடிச்சீங்கன்னு நாங்க நம்புறோம்," என்றார்.

மனைவி சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துவைத்தார். டிவியை அணைத்துவிட்டு, வண்டிக்கு டீசல் போட வேண்டும் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.