சுண்ணாம்பு அடித்த ஒன்பது மரங்கள்

இன்று காலை லாரியில் இருந்தவர்கள்: நான். பட்டுக்கோட்டை ராஜேந்திரன். பங்களாதேஷ் ரஃபீக். அவன் மச்சான் சோஹெல். மியான்மர்க்காரர் ஒருவர், எட்டு மாதமாகியும் அவர் பெயர் என் வாயில் வரவில்லை. முன் சீட்டில் சூப்பர்வைசர் மிஸ்டர் டான். ஆறு பேர்.

சிங்கப்பூரில் எனக்கு மரம் நடும் வேலை. பூங்கா வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். அது இல்லை. இங்கே ஒரு பக்கம் கொஞ்சம் காடு இருக்கும், தள்ளி இன்னொரு பக்கம் கொஞ்சம் காடு இருக்கும். நடுவில் ரோடும் கட்டடமும். ரோட்டோரமாகவே மரம் வைத்துக்கொண்டு போய் இந்தக் காட்டை அந்தக் காட்டோடு சேர்ப்போம். உயரமான மரம், அதன் கீழே நடுத்தரம், அதன் கீழே செடி. உதிர்ந்த சருகைக் கூட்டக் கூடாது. தினமும் அந்த வழியே போகும் ஒரு சீன அம்மா என்னைப் பார்த்து, "அங்கிள், வொய் யூ நோ ஸ்வீப்?" என்று கேட்பார். நான் "லீஃப் குட்" என்பேன். சோம்பேறி என்று நினைத்திருப்பார். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் முப்பது நடைக்கு மேல் போகக் கூடாது. போனால் அணில் தாண்டாது, சின்னப் பறவை தாண்டாது. வெயில் ஏறிக்கொண்டே போகிற காலத்தில் ஓர் இடம் காய்ந்தால் அவை இன்னோர் இடத்துக்குப் போக வழி வேண்டுமாம். கீழே நடக்கிற மனுஷனுக்கும் நிழல் வேண்டும். எட்டாவது வரைதான் படித்தேன். இது எனக்குக் காலால் தெரியும்.

எட்டு வருஷம் முன்னால் வந்த முதல் நாள், வேலை நடக்கிற இடத்தில் சில மரங்களுக்குச் சிவப்பு வெள்ளை டேப் சுற்றியிருந்தது. நான் ரம்பத்தை எடுத்துக்கொண்டு நேராக அந்த மரத்துக்குப் போனேன். ஊரில் குறி போட்ட மரம் என்றால் வெட்டுகிற மரம். ரோடு அகலப்படுத்த வருகிறவர்கள் முதலில் மரத்தில் பெயிண்டால் நம்பர் போடுவார்கள். மறுவாரம் மரம் இருக்காது. மிஸ்டர் டான் ஓடி வந்தார். "திஸ் ஒன் டோன்ட் டச்! டேப் மீன்ஸ் டோன்ட் டச் லா!" நான் "யெஸ் சார், கட்டிங் சார்" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ராஜேந்திரன்தான் தமிழில் சொன்னான், இங்கே குறி போட்டால் காப்பாற்றுகிற மரம் என்று. அதற்கப்புறம் நான் தப்புச் செய்யவில்லை. டேப் சுற்றுவது என் வேலையாகவே ஆகிவிட்டது.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு வடக்கே, திருவெள்ளறை போகிற பக்கம். ஏரியிலிருந்து கொள்ளிடத்துக்கு ஒரு வடிகால் வாய்க்கால் போகிறது. அதை ஒட்டி எங்கள் வயல். வயலின் வரப்பில் முப்பத்து நான்கு மரங்கள் இருந்தன. வேம்பு, நாவல், மருதம், புங்கன், கொஞ்சம் பூவரசு. யாரும் திட்டம் போட்டு வைத்தது இல்லை. வாய்க்கால் ஈரத்துக்குத் தானாக வந்தவை பாதி. என் மனைவி ராணி துணி தைக்கிறாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு கடைக்கும் சில வீடுகளுக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். எங்கள் வீடு ஒற்றை அறை, கான்கிரீட் கூரை. மூன்று வருஷம் முன்னால் ஒரு சித்திரையில் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். அதிலிருந்து வெயில் காலத்தில் மிஷினைத் தூக்கி வந்து மரத்தடியில் போட்டுக்கொள்வாள். நடுவில் ஒன்பது பெரிய மரங்கள் இருந்தன, அதற்குக் கீழே. பகல் முழுக்க அங்கே உட்கார முடிந்தது. அந்த இடம் இல்லாவிட்டால் நான்கு மாதம் அவளுக்குத் தையல் இல்லை.

போன சித்திரையில் இருபது நாள் லீவில் போயிருந்தேன். ஒரு டீச்சர் ஜாக்கெட் வாங்க வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், திருச்சியில் ஒரு காலேஜில் வேலை. மரத்தடிக்கு வந்தவர் ஜாக்கெட்டைப் பார்க்கவில்லை, மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துப் பெரிய மேப்போடு வந்தார். ஏரி பச்சையாக ஒரு பக்கம், கொள்ளிடத்துக் கரை பச்சையாக ஒரு பக்கம். நடுவில் பச்சையாக ஒரே ஒரு நூல். எங்கள் வரப்பு.

"ஊரு முழுக்க மரம் வைக்க முடியாதுங்க," என்றார். "ஒரு வருஷம் மழையே இல்ல, ஒரு வருஷம் ஒரே நாள்ல கொட்டுது. இனிமே அப்படித்தான் இருக்கும். எந்த இடம் எதோட சேர்ந்திருக்குன்னு பார்த்து, அந்த இணைப்ப விடாம வச்சிக்கிட்டா ஊரு தாங்கும். காத்து வரும், வெள்ளம் மெதுவா போகும், கரை அரிக்காது."

அந்தப் படிப்பின் பெயரைக் கேட்டேன். நிலப்பரப்புச் சூழலியல் என்றார். சீட்டில் எழுதித் தந்தார்.

"எங்க ஊர்லயும் இதாங்க செய்றோம்," என்றேன்.

"எந்த ஊர்ல?"

"சிங்கப்பூர்ல."

ராணி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "இப்பல்லாம் அதான் டீச்சர் இவருக்கு எங்க ஊரு. இது மாமியார் வீடு," என்றாள். டீச்சர் சிரித்தார். பிறகு மேப்பில் நடுவிலிருந்த ஒன்பது மரத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். "இது மட்டும் அறுந்துறக் கூடாது."

தம்பி குமார் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். ஆவணியில் கல்யாணம். அதற்குள் பக்கத்திலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். நிலை, கதவு, ஜன்னலுக்கு மரம் வேண்டும். அரியமங்கலத்தில் மர அறுவை மில் வைத்திருக்கும் பாய் வந்து வீட்டை அளந்து பார்த்துவிட்டு ஒன்பது மரம் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். மரம் இரண்டு பேருக்கும் பொது. குமார் என்னிடம் கேட்டான். வரப்பின் ஒரு முனையில், ரோட்டுப் பாலத்தை ஒட்டி, பதினைந்து மரம் நெருக்கியடித்து நின்றது. அதில் ஒன்பது போனால் ஒன்றும் ஆகாது, மற்றதற்கும் காற்று கிடைக்கும் என்று மனசில் நினைத்துக்கொண்டேன். "எடுத்துக்க," என்றேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் காலையில் ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்தேன். நடுவில் நின்ற ஒன்பது மரத்துக்கும் இடுப்பு உயரத்தில் பட்டையாக அடித்தேன். டேப் சுற்றுகிற அதே உயரம். குமார் ஷிப்டுக்குக் கிளம்பி பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, மரத்துக்குப் பட்டாபிஷேகமா?"

"குறி போட்டுட்டேன்டா," என்றேன்.

"சரிண்ணே. பாய்கிட்ட சொல்லிடுறேன்."

அவ்வளவுதான் பேசினோம். இன்னும் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை. மேலே எழுதினேன், திரும்புவதற்கு என்று. சிங்கப்பூருக்கு வருவதைத்தான் ஊருக்குத் திரும்புவது என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

பதினோரு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராணி போன் செய்தாள்.

"மரம் வெட்டிட்டுப் போயிட்டாங்க."

"எத்தன?"

"ஒம்போது."

"சரி. ஒம்போதுதானே சொன்னது."

"சுண்ணாம்பு அடிச்ச ஒம்போது."

அவளே சொன்னாள். ஸ்ரீரங்கத்துக்கு ஜாக்கெட் கொடுக்கப் போயிருந்தாள். குமார் வேலைக்குப் போய்விட்டான். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினதும் வயலுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு தெரிந்ததாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பஸ் ஸ்டாப்பில் இருந்து பார்த்தால் மரம்தான் தெரியும். யார் வீடோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாளாம்.

"நீங்கதானே குறி போட்டீங்க? எதுக்குங்க அதுல போட்டீங்க?"

"விடறதுக்கு."

"விடறதுக்கா குறி போடுவாங்க?"

போனை வைத்தாள். சோறு மிச்சம் இருந்தது. சாப்பிட்டேன். ரஃபீக் "பாய், ப்ராப்ளம்?" என்றான். "நோ ப்ராப்ளம்," என்றேன். மத்தியானம் பதினான்கு கன்று நட்டேன்.

அடுத்த நாள் பாய்க்குப் போன் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, வாப்பா காலத்துலேருந்து மரம் அறுக்கிறோம். குறி போட்ட மரத்த விட்டுட்டுப் போடாத மரத்த வெட்டுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. ஒம்போது சொன்னீங்க, ஒம்போதுல சுண்ணாம்பு இருந்துச்சு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?" அவர் மேல் தப்பு இல்லை. குமார் மேலும் இல்லை. அவன் போனில் அழுதான். "நிலைக்கு வந்த மரத்த என்னண்ணே பண்றது?" என்றான். வையடா, வீடு கட்டு என்றேன். ஆவணியில் குடிபோனான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. நிலையை போட்டோ எடுத்து அனுப்பினான். நல்ல வேம்பு.

தெருவில் இருப்பவர்கள் ராணியைக் கேலி செய்கிறார்கள். இப்போது வாசலிலிருந்தே ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிகிறதாம், "ஒனக்கென்னடி, உக்காந்த எடத்துல பெருமாள் சேவை" என்கிறார்களாம். வாய்க்காலின் அந்த இடத்தில் ஐப்பசி மழைக்குக் கரை கொஞ்சம் சரிந்தது. இந்தச் சித்திரையில் ராணி மிஷினைப் பாலத்து முனைக்குத் தூக்கிப் பார்த்தாள். லாரிப் புழுதி ஜாக்கெட்டில் படிகிறது என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது விடிந்ததும் இரண்டு மணி நேரம் தைக்கிறாள். அப்புறம் மிஷினை மூடிவிடுகிறாள். ஸ்ரீரங்கத்துக் கடை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

டீச்சர் வந்து பார்த்தாராம். திட்டவில்லை. மேப்பில் அந்த வட்டத்தை அழித்துவிட்டு, பூவரசங் கிளையைப் போத்தாக வெட்டி ஈரத்தில் நடச் சொன்னாராம். ராணி ஒன்பது நட்டிருக்கிறாள். ஏழு துளிர்த்திருக்கிறது. மாடு கடிக்காமல் இருக்கப் பழைய புடவையைச் சுற்றியிருக்கிறாள். "இத யாரும் வெட்ட மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

நேற்று அவளை, வெட்டின இடத்துக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய மரத்திலிருந்து அந்தப் பக்கம் மிஞ்சிய மரம் வரை எத்தனை நடை என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. வெயில் மண்டையைப் பிளக்குது என்றாள். எண்ணிச் சொன்னாள்.

இன்று வேலை முடிந்து லாரி வர நேரமிருந்தது. நான் முதல் வருஷம் வைத்த மரத்தடியில் தொடங்கி, அவள் எண்ணியதை நானும் எண்ணிக்கொண்டே நடந்தேன். எல்லாம் நான் வைத்த மரங்கள். கடைசி நடை வரை தலையில் வெயில் படவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு.