நாலு வரி வருத்தம்

ஒன்றியக் கவுன்சிலர் நல்லது செய்தால் செய்தி வராது, செய்யாத தப்பென்றால் பெரிய எழுத்தில் வரும். ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டு நிற்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெட்டியில் கிடந்த போன்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அறை ஒன்று வெடித்தது. தீ பரவுமோ என்ற பயத்தில், அடுத்த கம்பெனியில் இருந்த பெண்களை வெளியேற்ற நான் உள்ளே ஓடினேன். தீப்பொறி பயத்தால் எங்கள் ஊரில் பட்டாசுக் கம்பெனிக்குள் யார் போனாலும் போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியூர் நிருபர் ஒருவர் என் போனுக்கு அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறார்.

மறுநாள் பேப்பரில், நான் போனை எடுக்காமல் பதுங்கினேனாம், பிறகு வெறுங்காலோடு வந்து நாடகம் போட்டேனாம். படம் வேறு. வாட்ச்மேன்தான் என்னைவிடக் கொதித்தார்: "போனை வாங்கிப் பெட்டியில போட்டது நாந்தான அண்ணாச்சி! என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

ராசிபலனுக்குக் கீழே

பத்திரிகை ஆபீசுக்குப் போய் விளக்கினேன். "பார்க்கிறோம் சார்" என்றார்கள். பார்த்தார்கள். ராசிபலனுக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் நாலு வரி: 'கவுன்சிலர் பற்றி முன்பு வெளியான தகவல் சரியல்ல. வருந்துகிறோம்.' எந்தத் தகவல் என்று மூச்சு விடவில்லை.

சாத்தூரில் டீக்கடை வைத்திருக்கும் பாய் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கவலையோடு கேட்டார்: "அப்ப நீங்க கவுன்சிலரே இல்லையா அண்ணாச்சி?"

கட்டுப் போட்ட கை

அந்தப் பேப்பரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த வெடிவிபத்தில் இரண்டு கையும் வெந்து கிடந்த தொழிலாளி மாரியம்மாளிடம் என் புலம்பலைக் கொட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் தலையணைக்கு அடியிலிருந்து பழைய பேப்பரை எடுத்து விரித்தார். என்னைத் திட்டிய அதே செய்திதான். அதன் அடியில், தொழிலாளி மாரியம்மாளின் அலட்சியமே விபத்துக்குக் காரணம் என்று இருந்தது. என் பெயர் வந்த இடத்தோடு நிறுத்திவிட்டதால் அதை நான் படிக்கவே இல்லை. வெடிமருந்து சூடேறுகிறது என்று போர்மேனிடம் முதலில் ஓடிச் சொன்னதே அவள்தான். அன்று வேலை பார்த்த அத்தனை பெண்களுக்கும் அது தெரியும்.

அவள் அழவில்லை. "உங்களுக்காச்சும் நாலு வரி போட்டாக. என்னையப் பத்திப் போட்டதுக்கு யாரு அண்ணாச்சி வருத்தப்படுவா? இனி எந்தக் கம்பெனியில என்னைய உள்ள விடுவாக?"

அன்றிலிருந்து என் மானத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு அவள் மானத்துக்காகப் பத்திரிகை ஆபீஸ் படி ஏறி இறங்குகிறேன். ஓட்டுக் கேட்டு ஏறிய எந்தப் படியிலும் இவ்வளவு நேரம் என்னை யாரும் நிற்க வைத்ததில்லை.